கொட்டாங்கச்சிக்குப் பொன் அடித்தது குறித்து

நலம் பெருகுக. நீலாறு வற்றாது ஓடும் குவளைநாட்டின் அரசியும், ஆறு வயது இளவரசன் கொற்றனின் தாயும், அவன் முடிசூடும் நாள்வரை நாட்டைக் காப்பவருமாகிய எழினிப்பாவை நாச்சியார், அரண்மனைப் பண்டாரத்தின் தலைவர் நெடுங்கண்ணனார்க்கு எழுதுவிக்கும் மூன்றாம் ஓலை. தங்கள் இல்லம் செழிக்க. தங்கள் திறவுகோல்கள் துருப்பிடியாதிருக்க. வாழ்த்து இவ்வளவே, முதலிரண்டு ஓலைகளில் இருந்த பொறுமையை இதில் தேடவேண்டாம்.

வரும் பௌர்ணமிக்கு ஐந்து நாளே உள்ளது. அன்று பட்டத்துப் பிள்ளை தானே பொருள் தேர்ந்து, தன் கையால் சிறு தெப்பம் செய்து, விளக்கேற்றி நீலாற்றில் விடவேண்டும் என்பதும், அது மூழ்கினால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துச் சிற்றப்பன் அரண்மனைக்கு அனுப்புவது மரபென்பதும் தாங்கள் அறியாததல்ல.

ஆகவேதான் எது மிதக்கும், எது மூழ்கும், எது நீரைக் குடிக்கும், எது வெயிலில் இளகும் என்று பிள்ளை தொட்டுக் கற்கும்பொருட்டு மூங்கில், செங்கல், பஞ்சு, மெழுகு, இரும்பாணி ஆகியவற்றை நாச்சியார் கேட்டனுப்பினார். தாங்களோ இளவரசர் கைபடும் பொருள் பொன்னாகவே இருக்கவேண்டும் என்று, அந்த ஐந்தையும் பொன்னில் வார்த்து அனுப்பினீர்கள். பொன் மூங்கில் மூழ்கியது. பொன் பஞ்சும் மூழ்கியது. உலகில் எதை விட்டாலும் மூழ்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டான்.

பொன் வேண்டாமென்று தங்களுக்கு இரண்டாம் ஓலை வந்தது. மெய்யான பொருள்களையே அனுப்பினீர்கள். ஆனால் ஒவ்வொன்றையும் பட்டுப்பையில் இட்டுத் தைத்து, பிரிக்கலாகாதென்று முத்திரையும் வைத்தீர்கள். பிள்ளை ஐந்தையும் தடவிப் பார்த்து, எல்லாம் வழுவழுப்பாக இருக்கின்றன என்றான்.

தங்கள் உள்ளத்தில் கேடில்லை என்பதை நாச்சியார் அறிவார். கேடிருந்தால் சினந்து தீர்த்துக்கொள்ளலாம், இது பக்தி. பக்தியோடு மல்லுக்கட்டி மாளவில்லை.

நேற்று முன்தினம் நாச்சியாரே மடைப்பள்ளிக்குச் சென்று ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துவந்து குளத்தில் விட்டார். விடும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததைப் பிள்ளை கவனித்து, "அம்மா, உங்களுக்குந் தெரியாதா?" என்று கேட்டுவிட்டான். தெரியாதுதான். முப்பது வயதுவரை அவர் கையில் எவரும் ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்ததில்லை. அது உள்ளே வழவழப்பும் வெளியே சொரசொரப்பும் என்பதே அன்றுதான் தெரிந்தது. அது மிதந்தது. பிள்ளை குதித்த குதியில் இருவரும் நனைந்தார்கள்.

அந்தக் கொட்டாங்கச்சியைத்தான் தங்கள் ஆட்கள் குளத்துப் படிக்கட்டிலிருந்து எடுத்துச் சென்றார்கள். நேற்று மாலை அது உள்ளும் புறமும் விரற்கனப் பொன் தகடு அடித்துத் திரும்பி வந்தது. பிள்ளை ஆசையோடு நீரில் விட்டான். கல்லாய் மூழ்கிப் போயிற்று.

அவன் அழுவான் என்று நாச்சியார் அஞ்சினார். அவனோ குளத்தின் அடியை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு ஒன்று சொன்னான். ஓலை எழுதுவோர் அதைச் செந்தமிழாக்க முனைந்தபோது, அவன் சொன்னபடியே இருக்கட்டும் என்று நாச்சியார் தடுத்தார்: "நேத்து சும்மா இருந்தப்ப மிதந்துச்சும்மா. இவங்க பொன்ன ஏத்துனாங்க, முங்கிடுச்சு. பாவம் அது."

அதைக் கேட்ட நாச்சியார் தம் கழுத்தின் ஆரங்களை ஏனோ ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

ஆகையால் கட்டளை இது. நாளைக் காலை வெயில் ஏறுமுன், மேற்சொன்ன ஐந்தையும் ஒரு கூடைக் களிமண்ணையும் தாங்களே சுமந்து குளக்கரைக்கு வருக. பட்டோ சந்தனமோ ஏவலரோ கூடாது. பிள்ளையின் அருகே நீரில் கால் நனைய அமர்ந்து, ஒவ்வொன்றும் என்னாகும் என்று அவன் கேட்க, தாங்கள் விடை சொல்க. தவறாகச் சொன்னால் அவன் சிரிப்பான், பொறுத்தருள்க. பௌர்ணமிக்கு எதைத் தேர்வதென்று அவனே சொல்வான். அவன் கேட்டதை அது இருந்தபடியே கொடுக்கவேண்டும்.

இவ்வோலைக்கு அரக்கு முத்திரை இல்லை. கொற்றன் பிசைந்த களிமண்ணில் அவன் கட்டைவிரல் பதிந்ததே முத்திரை. சுடாத மண், ஈரம் பட்டால் கரையும். மேற்கே மேகம் கூடுகிறது. அது கரையுமுன் கட்டளை நிறைவேறுக.

இதற்கும் பொன் அடிக்கவேண்டாம்.