பசி வச்சிருக்கேன்

பிப்ரவரி 3, திங்கள்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இன்றைக்குத்தான் சலவைக்கூடத்துக்குத் திரும்பினேன். கட்டில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். பதினொரு வருஷமாய் எதிர்முனையைப் பிடித்தவர் அவர்தான். இப்போது அந்த இடத்தில் புதிதாய் ஒருத்தி. தலைமேல் இன்னொரு தலை வைத்த மாதிரி கொண்டை. கொண்டைக்காரி என்று நானே பேர் வைத்துவிட்டேன். அவளுக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ், நடுவில் ஒரு வெள்ளை விரிப்பு.

அந்த விரிப்பாவது ஒழுங்காய் இருந்ததா? மடிக்க மடிக்கக் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் நம்ம ஊர்க்காரர்தான், வந்து பார்த்தார். "அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்பேம்மா. ஜோடி சேரலைன்னா நீங்க பின்னறைக்குத் தலையணை உறை மடிக்கப் போயிடுங்க. அதுக்கு ஆள் துணை வேண்டாம்."

ஆள் துணை வேண்டாமாம். வீட்டிலும் நாலு சுவர், அங்கேயும் நாலு சுவரா?

பிப்ரவரி 4

மதியம் கொண்டைக்காரி தன் வயிற்றைத் தடவி, என் டப்பாவைக் காட்டி, "தியேனெஸ் ஆம்ப்ரே?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். பொய்யில்லை. மணியைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிற மாதிரி. பசித்து எத்தனை நாள் ஆச்சு?

பிப்ரவரி 6

மகளிடம் போனில் கேட்டேன். அவள் ஆபீசில் ஸ்பானிஷ்காரர்கள் உண்டு. "அம்மா, அவ 'பசி வச்சிருக்கியா'ன்னு கேட்டிருக்கா. 'தெங்கோ'ன்னா 'வச்சிருக்கேன்'. அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கோ, பாதிப் பேச்சு முடிஞ்சுது. பசி வச்சிருக்கேன், தூக்கம் வச்சிருக்கேன், பயம் வச்சிருக்கேன்னுதான் சொல்லுவாங்க."

"என்னடி இது, எல்லாத்தையும் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்களா?"

வயசைக்கூட வைத்துத்தான் இருக்கிறார்களாம்! நான் ஐம்பத்துமூணு வச்சிருக்கேன். யாராவது கேட்டால் பத்தைக் கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி 8

உலர்த்தும் மெஷின் பக்கத்தில் நின்று "தெங்கோ கலோர்!" என்றேன். வெக்கை வச்சிருக்கேன். கொண்டைக்காரி விரிப்பைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். சூப்பர்வைசர் ஓடி வருவதைப் பார்த்து அவள் மெதுவாய், "தியேனே பிரிசா" என்றாள். அவர் அவசரம் வச்சிருக்காராம். மூட்டை மூட்டையாய் வச்சிருக்கார்! இரண்டு பேரும் விரிப்புக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தோம்.

மடிப்பு மட்டும் அதே முறுக்கு.

பிப்ரவரி 11

மற்ற ஜோடிகள் ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. நாங்கள் தொண்ணூறு. இன்னும் மூணே நாள். பின்னறையைக் காட்டி "தெங்கோ மியேதோ" என்றேன். பயம் வச்சிருக்கேன். தமிழில் யாரிடமும் இதைச் சொல்லவில்லையே.

அவள் சிரிக்கவில்லை. விரிப்பை வாங்கி வைத்துவிட்டு, வெறும் காற்றை மடித்துக் காட்டச் சைகையில் சொன்னாள். பைத்தியக்காரி மாதிரி மடித்தேன். என் வலது கை இடது பக்கம் போனது. அவள் எதிரில் நின்று மடித்தாள். அவளுக்கும் வலது கை இடது பக்கம். எதிரெதிரே நிற்கிறவர்கள் இரண்டு பேரும் அப்படிச் செய்தால் முறுக்காமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் உறைத்தது. அவர் இடது கைக்காரர்! அவர் இடதைக் கொண்டுவந்தால் நான் வலதைக் கொண்டுபோவேன். பதினொரு வருஷம் அவர் கைக்கு ஏற்றபடி மடித்திருக்கேன், அது எனக்கே தெரியலை. அவருக்காவது தெரிஞ்சிருக்குமா?

பிப்ரவரி 12

மாற்றிப் பார்த்தேன். கை கேட்கவில்லை. அறிவு சொல்லுது, கை மாட்டேங்குது. எப்படிக் கேக்கும்? இந்தக் கையிலதானே அவர் மிச்சமிருக்கார் — இதையும் விடணுமா நான்? எல்லார் முன்னாலும் அழுது தொலைத்தேன்.

கொண்டைக்காரி தன் முந்தியால் என் முகத்தைத் துடைத்தாள். முந்தி இல்லை, ஏப்ரன். பிறகு தன் இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, "தெங்கோ தோஸ் மானோஸ்" என்றாள். இதற்கு மகளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கை வச்சிருக்கேன், நீ மாறாதே, நான் மாறிக்கறேன்.

இடது கையால் தொடங்கினாள். பத்துக்கு நாலு கீழே விழுந்தது. அவளையே அவள் திட்டிக்கொண்டாள். என்ன வசவோ, கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

நூற்றுத் தொண்ணூற்றாறு!

சூப்பர்வைசர் இரண்டு தரம் எண்ணினார். "என்னம்மா, ஏழு ஜென்மத்து ஜோடி மாதிரி மடிக்கிறீங்க?" என்றார். பின்னறைப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

பிப்ரவரி 17

காலை ஐம்பதாவது விரிப்பில் திடீரென்று கை நின்றுவிட்டது. வயிற்றுக்குள் என்னவோ சத்தம். கொண்டைக்காரிக்கே கேட்டிருக்கும், புருவத்தைத் தூக்கினாள்.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "தெங்கோ ஆம்ப்ரே" என்றேன். துணி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்த அவித்த முட்டை இரண்டையும் தின்றேன். அவள் ரொட்டியில் பாதியையும் தின்றேன்.

நாளைக்கு நாலு முட்டை அவிக்கணும்.