மீன்குடல் குழியை மூடிய நாள்

நேற்று பாப்பாரப்பட்டிச் சந்தையில் உரம் விற்கிறவன் ஒரு சாக்கை அவிழ்த்தான். மீன் உரமாம், கடற்கரைப் பக்கமிருந்து லாரியில் வருகிறதாம். என் மகன் இரண்டு சாக்கு கேட்டான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மகன் நினைத்துக்கொண்டான். உன்னைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேட்டூரில் அணை கட்டி நம் பழைய ஊர் தண்ணீருக்குள் போனபோது நாம் இருவரும் இளவட்டங்கள். ஆற்றோர வண்டல் போய், மேட்டில் கல்லும் கரடுமாக ஆளுக்கொரு காடு கிடைத்தது. இரண்டு வருஷம் விதைத்த ராகி முழங்கால் உயரம்கூட எழவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நீ நீர்க்கரைக்குப் போனாய். அங்கே மீன்காரர்கள் அறுத்தெறிந்த குடலையும் செதிளையும் தலையையும் நாயும் காக்கையும் இழுத்துக்கொண்டிருந்தன. அதைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து உன் காட்டோரம் குழி வெட்டிக் கொட்டினாய். மேலே சாம்பல், ஆவாரந்தழை, மண். மறுபடியும் மீன்கழிவு. உன் சம்சாரம் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கூடவே சுமந்தது.

ஊர் சிரித்தது. ஐந்தாம் மாதம் நீ குழியைத் திறந்தபோது வாடையே இல்லை. கறுத்த, பொலபொலவென்ற மண். அந்தப் போகத்தில் உன் ராகிக் கதிர்கள் கனத்தில் சாய்ந்தன. பிறகு வெள்ளைக்காரனின் உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது மீன்குடலைக் காய்ச்சி, மிதந்த எண்ணெயை வடித்தாய். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல்பைக்குப் பூசினோம், விளக்குக்கும் ஊற்றினோம். சிரித்தவர்களே சட்டியோடு உன் வாசலில் நின்றார்கள்.

அப்புறம் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. நான்காவதாகப் போனவள் என் மகள். ஐந்து வயது. அவளைப் புதைத்த மறுநாள் கோயிலடியில் ஊர் கூடியது. குழி நாற்றம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று பேச்சு எழுந்தது. ஊர்க்கவுண்டர், "அந்தக் குழி இருக்கற வரைக்கும் ஆத்தா நம்மள வுடமாட்டா" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய்.

"நீயே சொல்லு. கெணத்துத் தண்ணியில இருந்துதான் வருது, காச்சிக் குடிங்கன்னு சந்தையில அந்த சர்க்கார் ஆளு சொன்னத நாம ரெண்டு பேருந்தான கேட்டோம்."

கேட்டோம். வீட்டுக்கு வந்து நான்தான் காய்ச்சச் சொல்லவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் என் மகளைக் கொன்றவன் நானாகிவிடுவேன். "நான் ஒண்ணும் கேக்கல" என்றேன். குழியில் முதல் கூடைக் கல்லைக் கொட்டியதும் நான்தான். நீ தடுக்கவில்லை. எல்லாரும் போனபின் உன் சம்சாரம் மட்டும் அந்தக் கல்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே அதையும் வாந்திபேதி கொண்டுபோயிற்று. பயந்துபோய் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தேன். பிறகு சர்க்கார் ஆள் வந்து கிணற்றில் மருந்து போட்டார். நோய் நின்றது. குழியைப் பற்றி ஊரில் எவனும் அதன்பின் வாய் திறக்கவில்லை. நானும்.

நீ கோலார் சுரங்கத்துக்குப் புறப்பட்ட காலையில் என் வீட்டு முன்னால் நின்றாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"எங் காட்ட நீயே உழுதுக்க. குழி மூடுன எடத்துல கல்ல மட்டும் பொறுக்கிப்போடு. ராகி நல்லா வரும்" என்றாய்.

நானும் கேட்டது உண்மைதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீ போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஊர்க் காடெல்லாம் கருகியபோது அந்த இடத்தில் மட்டும் பயிர் இடுப்புயரம் நின்றது. அறுத்துக்கொண்டிருந்த நாளில்தான், சுரங்கத்தில் மண் சரிந்து நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொன்னான். உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். நான் குனிந்து மிச்சத்தையும் அறுத்தேன். அந்த ராகியில்தான் அந்தப் பஞ்சத்தைத் தாண்டினோம், நானும் என் மனைவியும், அவள் வயிற்றில் இருந்த இந்த மகனும்.