எழுத்து முடிஞ்ச பிள்ளையின்ரை கார் இன்சூரன்ஸ்

மிட்சம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி சுஜீத்துக்கு,

நலம், உம்மடை நலம் அறிய ஆவல் எண்டு தொடங்கிறதுதான் முறை. இஞ்சை நலமில்லை. ஆனால் உம்மடை நலத்தை அறிய எனக்கு உண்மையாவே ஆவல்தான். ஏனெண்டு பிறகு சொல்லுறன். முதலிலை கிழிச்சுப் போடாமல் வாசியும்.

போன் அடிச்சால் நீர் எடுக்கிறதில்லை. வாட்ஸப்பிலை அனுப்பினது எல்லாம் ஒரு டிக்கோடை நிக்குது. உம்மடை அம்மாவுக்கு அடிச்சால் தம்பி வேலைக்குப் போட்டான் எண்டுறா. ஞாயிற்றுக்கிழமை விடியவும் வேலைதானாம், நத்தார்ப் பெருநாள் அண்டும் வேலைதானாம். கனடாவே உம்மடை தலையிலைதான் ஓடுது போலை. அதாலை தபாலிலை எழுதுறன். இதை எழுதுறது என்ரை மகள் கோசிகாவுக்குத் தெரியாது. உம்மடை மாமி சுவர்ணாவுக்குத் தெரியும். அவ பக்கத்திலை நிண்டுகொண்டு, நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேளுங்கோ எண்டு என்னைப் பிடுங்கிக்கொண்டு நிக்கிறா. நான் அப்பிடிக் கேக்கிறதாயில்லை.

விசயம் கோசிகாவின்ரை கார் இன்சூரன்ஸ். சிரியாதையும். உம்மளோடை சம்பந்தப்பட்ட விசயம்தான்.

மோடன் பதிவுக் கந்தோரிலை கலியாண எழுத்து முடிச்ச அண்டு நீர் நீலக் கோட்டோடை வந்து என்னை முதல் முதலா மாமா எண்டு கூப்பிட்டது உமக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. எங்கடை ஆக்களுக்கு எழுத்து அரசாங்கத்துக்கு, தாலிதான் எங்களுக்கு. பதிஞ்சால் சட்டப்படி புருசன் பெஞ்சாதி. ஆனால் தாலி ஏறும்வரைக்கும் பிள்ளை தாய் தேப்பன் வீட்டிலைதான் இருக்கும். விசாவுக்கு ஸ்பொன்சர் அலுவல் கெதியாத் தொடங்க வேணும், எழுத்தை முதல் வைப்பம் எண்டு கேட்டது உங்கடை பக்கம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம் எண்டு நாங்களும் ஓம் எண்டனாங்கள். ஆவணியிலை தாலி கட்டுறதாப் பேச்சு. மண்டபமும் பிடிச்சாச்சு. அதுக்குள்ளை உம்மடை பெரியப்பா மோசம் போனார். ஒரு வருசத்து ஆட்டைத்திவசம் முடியாமல் நல்ல காரியம் செய்யக்கூடாது எண்டு உம்மடை அம்மா சொன்னா. அதுவும் நியாயம்தானே எண்டு மண்டபத்தை விட்டுக் குடுத்தம். ஆட்டைத்திவசமும் முடிஞ்சுது. இப்ப அடுத்த திவசமும் வரப்போகுது. ஆவணியைத்தான் காணேல்லை.

எழுத்து முடிஞ்ச கையோடை நான் செய்த முதல் வேலை கோசிகாவின்ரை இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் அடிச்சு, பிள்ளைக்குக் கலியாணம் எழுதியாச்சு எண்டு சொன்னதுதான். உடனை விலை குறைஞ்சுது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேலாது. தாலி ஏற முன்னமே மருமகன்ரை பலன் வேலை செய்யத் தொடங்கீட்டுது எண்டு கோயிலிலை காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சனான். இப்ப அந்த ஆக்கள் என்னைக் கண்டால் கார் பார்க்கிலை நிண்டு, மருமகன் எப்பவாம் வாறார் எண்டு கேக்கினம். நான் பின் வாசலாலை போறன்.

யோகராஜாவை உமக்குத் தெரியாது. என்னோடை டென்மார்க்கிலை ஒரே அறையிலை இருந்தவர். நான் அங்கையிருந்து இஞ்சை வர, அவர் கனடாவிலை ஸ்கார்பறோவுக்குப் போனவர். போன மாசம் அவர் எடுத்து, உம்மடை வீட்டிலை உமக்கு வேறை இடத்திலை பொம்பிளை பேசுகினம், அந்தப் பிள்ளையின்ரை சாதகமும் பாத்தாச்சு எண்டு சொன்னார். பிழையாக் கேள்விப்பட்டிருப்பீர் எண்டு அவரோடை கத்திப்போட்டு போனை வைச்சன். பக்கத்திலை கோசிகா நிண்டவள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைச்சிட்டு, அப்பா, இந்த முறை இன்சூரன்ஸ் றினியூ பண்ணேக்கை சிங்கிள் எண்டு போடுங்கோ எண்டு மட்டும் இங்கிலீசிலை சொன்னாள்.

அவளுக்குக் கார் இல்லாட்டி ஏலாது, தம்பி. ஆஸ்பத்திரி லாப்பிலை விடியக்காலமை ஷிப்ட். அந்த நேரம் ட்ராமும் இல்லை, பஸ்ஸை நம்பவும் ஏலாது. அதாலை நான் கம்பனிக்கு அடிச்சு, சிங்கிள் எண்டு மாத்துங்கோ எண்டன். அங்கை இருந்து கதைச்ச பிள்ளை நல்ல பிள்ளை, மரியாதையாக் கதைச்சா. மகளுக்குக் கலியாணம் பதிஞ்சதோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். பதிஞ்சிருந்தால் இனிச் சிங்கிள் எண்டு போடேலாதாம். ஒருக்காப் பதிஞ்ச ஆள் பிறகு ஒருக்காலும் சிங்கிள் ஆகேலாதாம். கம்பியூட்டரிலை இருக்கிற சொல்லுகளை ஒவ்வொண்டா வாசிச்சா. மரீட், செப்பரேட்டட், டிவோர்ஸ்ட். கடைசியா, புருசன் செத்துப்போன பொம்பிளையளுக்கெண்டு இருக்கிற சொல்லை வாசிக்க வாயெடுத்தா. அதை வாசியாதை பிள்ளை எண்டு மறிச்சுப்போட்டன்.

ரெண்டு பேரும் ஒரு வீட்டிலையோ இருக்கினம் எண்டு கேட்டா. இல்லை, ஒரு நாளும் இருக்கேல்லை எண்டன். அப்ப செப்பரேட்டட் எண்டா. அதெப்பிடி, சேர்ந்து இருந்தால்தானே பிரிய ஏலும் எண்டு கேட்டன். அவவுக்கு விளங்கேல்லை. தாலி, எழுத்து எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை கிண்டிக் கிளறிச் சொல்லிப் பாத்தன். சொறி சேர் எண்டா. செப்பரேட்டட் எண்டு போட்டால் விலை எவ்வளவாலையோ ஏறுது.

ஏன் அப்பிடி எண்டும் விடாமல் கேட்டன். கலியாணம் கட்டினவை கவனமாக் கார் ஓடுவினமாம். தனிய இருக்கிறவை, பிரிஞ்சவை கூட அடிபடுகினமாம். கணக்குப் பாத்து வைச்சிருக்கினமாம். ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு பாத்து விலை போடக்கூடாது எண்டு சட்டம் இருக்காம், கலியாணத்தைப் பாத்துப் போடலாமாம். எங்கடை சாத்திரியார் குறிப்பை விரிச்சு வைச்சுக்கொண்டு ஏழாம் இடம் சரியில்லை எண்டு சொல்லுற மாதிரித்தான். அவருக்காவது தட்சணையைக் குடுத்தால் ஒரு பரிகாரம் சொல்லுவார். எழுத்துக்கு முதலும் அவள்தான் காரை ஓடினவள், பிறகும் அவள்தான் ஓடுறாள். அதே கால், அதே பிரேக். ஒரு இடத்திலையும் உரஞ்சினது கூட இல்லை. நீர் வாறதும் வராததும் அந்தக் காருக்கு எப்பிடித் தெரியும், சொல்லும் பாப்பம்.

பிறகு ஒரு வழி இருக்கெண்டு ஆரோ சொல்ல, கோலியர்ஸ் வுட்டிலை இருக்கிற சொலிசிட்டர் அருள்மலரிட்டைப் போனன். எங்கடை பிள்ளைதான். பொறுமையாக் கேட்டா. டிவோர்ஸ் வேறை, கலியாணத்தை இல்லையெண்டே ஆக்கிறது வேறை எண்டு சொன்னா. எழுதினதுக்குப் பிறகு ரெண்டு பேரும் புருசன் பெஞ்சாதியா ஒரு நாளும் இருக்கேல்லை எண்டு கோசிகா கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தால், நீரும் மறிக்காட்டி, அதை ரத்துச் செய்யலாமாம். அதுக்குப் பிறகு அவள் தன்னைச் சிங்கிள் எண்டு சொல்லலாமாம். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இதென்ன பெரிய விசயம், பிள்ளை எங்கடை வீட்டிலைதானே இருந்தவள் எண்டு சொல்லிப்போட்டு, வாற வழியிலை எல்லாருக்கும் சாப்பிட றோல்ஸும் வாங்கிக்கொண்டு வந்தன்.

கோசிகாவுக்கு விளங்கப்படுத்திச் சொன்னன். கேட்டுக்கொண்டு இருந்தாள். முடிவிலை, அதிலை கையெழுத்து வைக்க மாட்டன், பொய்ச் சத்தியம் பண்ண ஏலாது எண்டாள். எழும்பி மேலை போட்டாள். என்ன பொய், எது பொய் எண்டு நான் படியிலை நிண்டு கத்துறன். சுவர்ணா வந்து என்னைக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு போய், போன வருசம் பிள்ளை கூட்டாளியின்ரை கலியாணத்துக்கெண்டு ரொறன்ரோவுக்குப் போட்டு வந்தவளல்லோ எண்டு மட்டும் கேட்டா. அந்தக் கலியாணப் படம் ஒண்டும் நாங்கள் பாக்கேல்லை.

தம்பி, நான் தேப்பன். இதுக்கு மேலை எழுத எனக்குக் கை வராது. சட்டப்படி அவள் உம்மடை பெஞ்சாதி, அதிலை அவள் செய்த பிழை ஒண்டும் இல்லை. உம்மை நம்பி வந்திருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் ஒண்டு கேக்கிறன். அவளை அங்கை ஏர்போட்டிலை கொண்டுவந்து விடேக்கையே நீர் உந்த எண்ணத்தோடைதான் இருந்தனீரோ?

போன வெள்ளி இன்சூரன்ஸ் முடியிற நாள். கம்பனிக்குத் திருப்பி அடிச்சன். மரீட் எண்டே இருக்கட்டும் எண்டு சொல்லுவம், ஆருக்குத் தெரியப்போகுது எண்டுதான் நினைச்சனான். பொய் சொன்னால், அடிபட்ட நேரம் ஒண்டும் தரமாட்டினம் எண்டு பயமும் இருந்தது. எனக்கு முடிவெடுக்க ஏலாமல் கிடந்தது. இந்த முறை எடுத்தது வேறை ஒரு பெடியன். பொலிசி ஆற்றை பெயரிலை இருக்கோ அவதான் பதில் சொல்ல வேணும் எண்டு நிண்டான். கோசிகா அப்பத்தான் ஷிப்ட் முடிஞ்சு வந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டு நிண்டாள். போனை வாங்கினாள். பெயர் சொன்னாள், பிறந்த நாள் சொன்னாள், மிட்சம் போஸ்ட் கோட் சொன்னாள். பிறகு அவன் கலியாணத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேணும். செப்பரேட்டட் எண்டாள். அவனுக்குக் கேக்கேல்லைப் போலை, திருப்பி ஒருக்கா உரத்துச் சொன்னாள். பிறகு, பாங்க் கார்ட் நம்பரை நீங்கள் குடுங்கோ அப்பா எண்டு போனை என்ரை கையிலை தந்திட்டுப் போனாள். ஒரு சப்பாத்து காலிலைதான் கிடந்தது.

எனக்கு அந்தக் காசு பெரிசில்லை. அவள் அந்தச் சொல்லைத் தன்ரை வாயாலை ரெண்டு தரம் சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்குப் பொறுக்கேல்லை. அதை நீர் எல்லோ அவளுக்குச் சொல்லியிருக்க வேணும்? நீர் சொல்லாததை ஆரோ முகம் தெரியாத பெடியனுக்கு என்ரை பிள்ளை சொல்லிக்கொண்டு நிக்கிறாள்.

வா எண்டு நான் உம்மைக் கேக்கேல்லை. கேட்டு வந்தாலும் அந்த வரவு எங்களுக்கு வேண்டாம் எண்டுதான் சுவர்ணா சொல்லுறா. எனக்கு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்லை, அது வேறை கதை. டிவோர்ஸ் பேப்பர் அனுப்பினால் அவள் கையெழுத்து வைப்பாள். ஆனால் அதுக்கு முதல் ஒருக்கா அவளுக்குப் போன் அடியும். உம்மடை நம்பரை அவள் இன்னும் அழிக்கேல்லை. வேலையாலை வந்தால் போனை மேசையிலை நிமித்தி வைச்சுக்கொண்டுதான் சாப்பிடுறாள். அடிச்சு, நான் வரமாட்டன் எண்டு உம்மடை வாயாலை சொல்லும். காரணம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பெத்த பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லு எண்டு ஒருத்தனைக் கெஞ்சிற தேப்பனை நீர் வேறை எங்கையும் காணமாட்டீர். இப்ப கண்டிட்டீர்.

சுவர்ணா நேற்று வெள்ளனக் குளிச்சுப்போட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டா. உம்மை நினைச்சுத் தேங்காய் அடிச்சு, வாயாரத் திட்டிப்போட்டு வாறதுக்கு. நான் வாசலிலை மறிச்சன். உன்ரை வாய் பலிச்சால் அது ஆற்றை தலையிலை விடியும் எண்டு யோசிச்சனியோ எண்டு கேட்டன். விளங்கினவுடனை அப்பிடியே படியிலை இருந்து அழுதா. பிறகு ரெண்டு பேருமாப் போய் உம்மடை பெயருக்கு ஒரு அருச்சனை செய்துபோட்டு வந்தம். ஐயர் நட்சத்திரம் கேட்டார். உம்மடை நட்சத்திரம் அனுசம் எண்டு சுவர்ணாதான் சொன்னா, அழுதழுது.

அதுதான் தம்பி, உம்மடை நலத்தைக் கேட்டனான். அங்கை இப்ப ஸ்னோ கொட்டுது எண்டு யோகராஜா சொன்னார். காரை ஆறுதலா ஓடும். பெல்ட்டைப் போடும். உடம்பைப் பாத்துக்கொள்ளும், காச்சல் எண்டால் உடனை டொக்டரிட்டைப் போம். அந்தப் பதிவு இருக்குமட்டும் உமக்கு ஒண்டும் வரக்கூடாது. நான் வாசிக்க விடாமல் மறிச்சனே, அந்தக் கடைசிச் சொல் என்ரை பிள்ளைக்கு வந்திடக்கூடாது. திட்டவும் ஏலாத இடத்திலை எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர். நல்லாயிரும் தம்பி. நூறு வயசுக்கு நல்லாயிரும்.

இப்படிக்கு,
கோசிகாவின்ரை அப்பா
அம்பலவாணன்