பூட்டில்லாத சங்கிலி

ஒரு நிரல் பிழையில்லாதது என்று எப்போது சொல்லலாம்? பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, பள்ளியில் பல வருடம் அதைக் கற்பித்து, இப்போது ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் "ஓடட்டும், பாப்போம்லா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருப்பாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு நான் மட்டும் வந்தேன். கணினிக்காகக் குளிர்சாதனத்தைப் போட்டதும் விரல் விறைத்தது. உன் நாற்காலி முதுகில் அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். கைப்பகுதியில் இன்னும் அமோனியா வாடை. கமுந்திங் கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்த வாடை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நாளை காலை அந்தத் தொழிற்சாலையில் நம் நிரலைச் சோதிக்கிறார்கள். அடுப்பு அளவுக்கு மேல் சூடானால் மணி அடிக்க வேண்டும். அடித்தால் நம் நிரல் அங்கேயே இருக்கும். அடிக்காவிட்டால் பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பழைய நிரல் அங்கே வேலை பார்க்கும் லெட்சுமி அக்காவின் கையை என்ன செய்தது என்பதை நாம் இருவரும் நின்று பார்த்தோம்.

கையுறை அச்சுகள் ரப்பர் பாலில் முங்கி, அடுப்புக்குள் போய் வெந்து வெளியே வரும். அடுப்பின் வாயில் நின்று அக்கா கையுறைகளைக் கழற்றுவார். அங்கிருந்த கணினியில் இரண்டு மின்சுற்றுப் பலகைகள், ஒவ்வொன்றிலும் கணக்குப் போடும் சில்லாக ஒரு செயலி. ஒன்று சூட்டைப் பார்த்து மணி அடிக்கும். மற்றது நடந்ததையெல்லாம் தாளில் அச்சடிக்கும். இரண்டுக்கும் பொதுவாகச் செய்திகளின் சங்கிலி ஒன்று. ஒரு பலகை அதைத் தொடும்போது மற்றது தொடாதபடி பூட்டிக்கொள்ளும். அன்று அச்சடிக்கும் பலகை பூட்டி வைத்திருந்த நேரத்தில் தாள் சிக்கியது. அது பூட்டை விடவில்லை. சூடு பார்க்கும் பலகை பூட்டுக்காகக் காத்து நின்றது. காத்து நின்றதால் சூட்டைப் பார்க்கவில்லை. மணி அடிக்கவில்லை. அக்கா வழக்கம்போல் கையை நீட்டினார்.

திரும்பி வந்த பேருந்தில் கோலா கங்சார் வந்தபோது, "பூட்டே வேணாம்" என்றாய்.

"அச்சடிப்பதற்கு முன்னால் பூட்டை விட்டுவிடச் சொன்னால் போதாதா?" என்றேன்.

"விடறதுக்குள்ள அந்தப் பலகையே செத்துப்போனா? சாவிய வச்சிருக்கவன் உள்ள செத்துக் கெடந்தா வெளிய நிக்கிறவன் என்னா செய்வான்?"

"அப்படி நடப்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு."

"பேசுறதப் பாரு, ரேடியோ நியூஸ் மாதிரி. வாய்ப்பு குறைவுன்னு லெட்சுமி அக்காகிட்ட போயி சொல்லு, சந்தேகம்."

சந்தேகம். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் நம்மைப் போட்ட முதல் வாரத்திலேயே நீ எனக்கு வைத்த பட்டம். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் எதையும் உடனே நம்பமாட்டாள் என்பது உன் முடிவு. கோலா கங்சார் பக்கத்துத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த நீ எதையும் உடனே தொடங்கிவிடுவாய் என்பது என் முடிவு. இரண்டு முடிவும் கடைசிவரை மாறவில்லை.

நீ அதற்காக ஒரு மொழியையே எழுத உட்கார்ந்தாய். செயலியின் கட்டளைகளை ஒட்டி நிற்கும் சின்ன மொழி. ஆனாலும் அதில் எழுதுவதெல்லாம் கணிதச் சார்புகளாகவே இருக்கும். ஒரு மதிப்பை எழுதிவிட்டால் அதை யாரும் திருத்த முடியாது. வேண்டுமானால் புதிதாக ஒன்றைச் செய்து பழையதன் முன்னால் கோத்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று என்றால் நாளைக்கும் மூன்றுதான். மாறக்கூடியது, சங்கிலியின் தலை எது என்று சொல்லும் இடம் மட்டும். அதை மாற்றச் செயலியில் ஒரு கட்டளை இருந்தது: தலை நான் பார்த்தபடியே இருந்தால் புதியதை வை, மாறியிருந்தால் வைக்காதே, நான் மறுபடி பார்த்துக்கொள்கிறேன். பூட்டு இல்லை. ஒரு பலகை செத்தாலும் மற்றது தன் வேலையைப் பார்க்கும்.

ஓடியது. பிறகு எப்போதாவது செய்திகள் கலந்தன. ஒரு செய்தியின் தலையில் இன்னொன்றின் வால். நீ மின்சாரத்தைத் திட்டினாய்.

நான் காலிப் பெட்டிகளைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு செய்தியும் நினைவகத்தில் ஒரு பெட்டியில் இருக்கும்; நினைவகமோ சின்னது. அச்சடித்து முடித்த செய்தியின் பெட்டியைக் காலிப் பெட்டிகளின் சங்கிலியில் சேர்த்து மறுபடி பயன்படுத்தியே ஆக வேண்டும். எழுதியதைத் திருத்துவதில்லை என்று உன் மொழி கொடுத்த வாக்கு அங்கே மட்டும் செல்லாது.

"நான் ஒரு பலகை என்று வைத்துக்கொள். தலையில் ஐந்தாம் பெட்டி, அதன் பின்னால் ஆறு. ஐந்தை எடுத்துக்கொண்டு ஆறைத் தலையாக்கப் போகிறேன்," என்றேன். "அதற்குள் மற்றப் பலகை இரண்டையும் எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் திருப்பிப் போட்டால்? நான் மறுபடி பார்க்கும்போது தலையில் ஐந்துதான் இருக்கிறது. எதுவும் மாறவில்லை என்று நம்பி ஆறைத் தலையாக்குவேன். ஆறு அதன் கையில் அல்லவா இருக்கிறது? இரண்டு பேரும் ஒரே பெட்டியில் எழுதுவோம்."

நீ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாய்.

"எங்கப்பா இப்டித்தான்லா செஞ்சாரு. ஆஸ்பத்திரில ரொம்ப நாள் கெடந்துட்டு லயத்துக்கு வந்தாரு. ஏழாம் நம்பரு. நேரா உள்ள போயி, சட்டையக் கழட்டி மாட்டிட்டு, 'ஏ புள்ள, தேத்தண்ணி கொண்டா'ன்னு உக்காந்துட்டாரு. எங்கள மேல் லயத்துக்கு மாத்திவிட்டது அவருக்குத் தெரியாது. அந்த வீட்டு அக்கா வெளக்கமாத்தோட வந்துச்சு. கதவுல நம்பரப் பாத்தாரு, உள்ள யாருன்னு பாக்கல."

நான் அபூர்வமாகச் சிரிப்பவள். அன்று கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"நம்பர் மட்டும் போதாது," என்று எழுந்துகொண்டாய். "உள்ள இருக்கிறது எத்தனாவது குடின்னும் கதவுல எழுதிப் போடணும்."

அப்படியே செய்தோம். தலை மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கும் எண்ணில் ஒன்று கூடும். இரண்டையும் சேர்த்து ஒப்பிடவும் செயலியில் கட்டளை இருந்தது. ஐந்தாம் பெட்டி திரும்பி வந்திருந்தாலும் எண் வேறாக இருக்கும், கட்டளை மறுத்துவிடும். அந்த எண்ணுக்கு நிரலில் 'குடி' என்று பெயர் வைத்தாய்.

"அது கூடிக் கூடி நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்தால்?"

"அதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் செத்துருவோம் டீ."

அதில் உன் பங்கைச் சீக்கிரமே முடித்துவிட்டாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, உனக்குப் பேச மூச்சு போதவில்லை. "அச்சடிக்கிற பக்கம் குடி சேத்துட்டியா?" என்று மட்டும் கேட்டாய். சேர்க்கவில்லை. சேர்ப்பேன் என்றேன்.

சேர்த்துவிட்டேன். பலகைகள் எடுக்கும் அடிகள் எந்தெந்த விதமாகக் கலக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் ஒன்று செத்து நின்றாலும் மற்றது நடக்குமா என்று என்னையே கேட்டேன். நம்ப முடியாத இடத்தில் நிரலை மாற்றினேன். இது நிரூபணமா, பிடிவாதமா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி, "போலே கா?" என்றார், முடியுமா என்று. "போலே" என்றேன். பூட்டைத் திரும்பப் போட நான் விடப்போவதில்லை. நாளை தாளை நானே சிக்க வைப்பேன். பிறகு அச்சடிக்கும் பலகையையும் நிறுத்துவேன். சூடு ஏறும்போது அடுப்பின் வாயில் நான்தான் நிற்பேன்.

திங்கட்கிழமை மாலை.

நான் போனபோது லெட்சுமி அக்கா ஏற்கெனவே அடுப்பின் வாயில் நின்றார். முழங்கை வரை தோல் இன்னும் வெளுத்திருக்கிறது.

"நீங்க தள்ளி நில்லுங்க டீச்சர். அச்சு எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியாது."

போகமாட்டேன் என்றேன். இருவரும் நின்றோம்.

"மணி அடிக்குமா?"

"தெரியாது அக்கா."

"தெரியாமலா ஈப்போலேருந்து பஸ் ஏறி வந்தீங்க?"

தாளைச் சிக்க வைத்தேன். பலகையை நிறுத்தினேன். முதலாளியே அடுப்பின் சூட்டை ஏற்றினார். அச்சுகள் அடுப்பின் வாயை நோக்கி வந்துகொண்டிருந்தன. அக்காவின் கை பழக்கத்தில் எழுந்தது.

மணி அடித்தது.

"நிப்பாட்டுங்க டீச்சர், காது போவுது!" என்று அக்கா கத்தினார். முதலாளி மறுபடி செய்து காட்டச் சொன்னார். மறுபடியும் அடித்தது. பலகையை எழுப்பிச் சிக்கிய தாளை எடுத்ததும், காத்திருந்த செய்திகள் ஒன்றும் கலக்காமல் வந்த வரிசையில் அச்சாகின. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார்.

உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். அதில் இப்போது புது அமோனியா ஏறியிருக்கிறது, துவைக்கப் போவதில்லை. நிரல் சரி என்று இங்கே எழுதமாட்டேன், நீ எவ்வளவு கேலி செய்தாலும். நடந்ததை எழுதுகிறேன்: மணி அடித்தது, அக்கா கையை இழுத்துக்கொண்டார்.