ஒயில் லைட்டும் இரண்டு மச்சான்மாரும்

10 மே 1982

இன்றும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. என் புருசன் நூஹு வீட்டு வளவுக்குள் தன் வாடகைக் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம், தங்கச்சி றாஹிலாவுக்காகக் கட்டும் வீட்டில், என் அண்ணன் மசூர் காக்கா ஜன்னலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நடுவில் நான்.

"உன்ட காக்காட்டச் சொல்லு, சீமெந்து மூட்டைய வழியில இருந்து எடுக்கட்டாம். கார் எடுக்க ஏலாம கிடக்கு."

"உன்ட புருசன்ட சொல்லு, அந்தக் கார் ஓடினாத்தானே எடுக்கிறதுக்கு."

நான் ஓரடியும் நகரவில்லை. இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

எல்லாம் மாசியில் வந்த வினை. கார் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்மாருக்கும் முன்னால் காக்கா சிரித்துக்கொண்டே, "மச்சான்ட எஞ்சினுக்கு மௌத்து வந்திட்டு" என்றாராம். எஞ்சின் செத்துவிட்டதென்று கராஜ் வைத்திருக்கிறவரே சொன்னால் அந்தக் காரில் யார் ஏறுவார்கள்? இவருக்கு வரும் கலியாண ஹயர் ஓட்டங்கள் எல்லாம் வேறு கார்களுக்குப் போய்விட்டன. அன்றோடு பேச்சு நின்றது. இந்த வீட்டை எனக்கு உழைத்துக் கட்டித் தந்தவர் காக்கா. இப்போது இந்த வளவுக்குள் கால் வைப்பதே இல்லை.

14 மே

றாஹிலாவின் கலியாணம் ஜூன் 13 என்று முடிவாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளை கல்முனைக்குடியிலிருந்து பொல்லுக் கம்புகளைத் தட்டி ஆடும் பொல்லடியோடு ஊர்வலமாக வருவாராம். இவர் உடனே, "மாப்பிள்ள என்ட கார்லதான் வருவார்" என்றார். வேலிக்கு அப்பாலிருந்து: "வேற கார் பேசியிரிக்கன் எண்டு சொல்லு."

இவர் அப்படியென்றால் கலியாணத்துக்கே வரமாட்டாராம்! எனக்கு அழுகைதான் வந்தது. ஒருவர் தங்கச்சிக்கு வீடு கட்டுகிறவர், மற்றவர் என் புருசன். இந்த இருவரில் ஒருவர் இல்லாத கலியாணத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

19 மே

காரின் வருத்தம் என்னவென்று எனக்கே விளங்கத் தொடங்கிவிட்டது. வேகமாக ஓடினால் ஒன்றும் இல்லை. வெயிலில், பொல்லடிக்குப் பின்னால், நடை வேகத்தில் ஊர்ந்தால் எஞ்சின் சூடேறிச் சிவப்பு லைட் மினுங்குகிறது. ஒயில் அழுத்தம் போதாது என்று அர்த்தம். இவர் செய்த வைத்தியம் - லைட்டுக்கு மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். "ஏறுற சனம் பயப்பிடுதே" என்கிறார். சிரிக்கிறதா, அடிக்கிறதா?

25 மே

ஸ்டாண்டில் யாரோ வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கலியாண ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலையாம். எஞ்சின் பக்கத்தில் தொப்பி போல ஒரு நட். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங். அதற்குப் பின்னால் வாஷர்களை அடுக்கி இறுக்கினால் அழுத்தம் கூடுமாம்.

அடுக்கினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து டேப்பை உரித்துக் காட்டினார். லைட் இல்லை. பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளை மாதிரிச் சந்தோசம்.

27 மே

காலையில் குளிர்ந்து கிடந்த எஞ்சினை இவர் ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். டப் என்று ஒரு சத்தம். பில்டரின் றப்பரைப் பிய்த்துக்கொண்டு ஒயில் எல்லாம் மண்ணில். கோழிகள் அதில் நடந்து விறாந்தையெல்லாம் கறுப்புக் கால்.

இவர் படியில் குந்திவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "காக்கா!" என்று கத்தினேன். எனக்கு ஏதோ நடந்துவிட்டதென்று பயந்து, வேலியைத் தாண்டி ஓடி வந்தார். வந்தவர் ஒயிலைப் பார்த்தார். திரும்பிப் போகவில்லை.

28 மே, வெள்ளி

ஜும்ஆ முடிந்து காக்கா சாமான் பெட்டியோடு வந்தார். இவர் ஒரு முழம் தள்ளி நின்றார். பேச்சு மட்டும் என் வழியாகத்தான்!

"உன்ட புருசன்ட சொல்லு, இது ரிலீஃப் வால்வு. குளத்தில மிச்சத் தண்ணி வழியிற வான் மாதிரி. பம்ப் அனுப்பிற ஒயில் கூடினா இதால வழிஞ்சு போகணும். வான்ல மண்மூட்டை அடுக்கினா என்ன நடக்கும்? கட்டுத்தான் உடையும்."

இவர் வயற்காரரின் மகன். கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

வால்வு ஒரு சின்னக் கிண்ணம் போல இருந்தது. அது போய் உட்காரும் வாயில் அழுக்கும் கீறலும். ஒழுங்காக மூடாததால் வேண்டிய ஒயிலும் அதால் வடிந்து போயிருக்கிறது. காக்கா மண்ணெண்ணெயில் கழுவி, தீட்டும் பசை பூசி, பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்தார். வாஷர்களை எடுத்துத் தூர வீசினார். "ஸ்பிரிங்கும் சோந்து போச்சு. புதிசு மட்டக்களப்பிலதான் எடுக்கலாம் எண்டு சொல்லு."

29 மே

சொல்லாமலே காலை பஸ்ஸில் இவர் மட்டக்களப்புக்குப் போய்விட்டார்.

1 ஜூன்

புது ஸ்பிரிங் போட்டாயிற்று. பில்டருக்குப் புது றப்பர், புது ஒயில். லைட் இல்லை. நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் காக்காவின் முகம் தெளியவில்லை.

"வால்வு இப்ப சரி. ஆனா உள்ளுக்க பெயரிங்கும் தேஞ்சிட்டு. அதுக்கு எஞ்சின இறக்கணும், கலியாணத்துக்கு முன்ன ஏலாது. நல்லாச் சூடாகி ஊர்ந்தா லைட் திரும்ப வரலாம். வந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டணும் எண்டு சொல்லு. இல்லாட்டி எஞ்சின் அண்டைக்கோட சரி."

இவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாப்பிள்ளைய வெச்சிக்கொண்டு, ஊர் பாக்க, நடு ரோட்டில நிப்பாட்டவா? ஸ்டாண்டில என்ட மானத்தக் கெடுத்தது காணாதாமா?"

காக்கா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "அண்டைக்குச் சொன்னது பிழ எண்டு சொல்லு. வேற காரும் வேணா எண்டு சொல்லு."

யா அல்லாஹ், நான் என்னத்தைச் சொல்ல? இவர் உள்ளே போய்விட்டார்.

7 ஜூன்

பராஅத் இராவுக்கு ரொட்டி சுட்டேன். காக்காவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னும் நேராக ஒரு சொல் இல்லை.

14 ஜூன்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பொல்லடிச் சத்தம் கேட்டு, பெண்கள் எல்லாரும் வேலியோரம் கூடினோம். வாசலில் காக்கா புதுச் சாரனோடு, மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்புத் தண்ணீரோடு நின்றார். அவர்தானே எங்களுக்கு ஒரே ஆண் சகோதரம்.

ஜரிகை மாலை போட்ட கார் சந்தியால் திரும்பியது. பாதித் தூரத்தில் எஞ்சின் அடங்கியது. பொல்லுகளும் நின்றன. லைட் வந்துவிட்டது!

இவர் ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாம். கொஞ்சத் தூரம்தான் மிச்சம். ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் கதவைத் திறந்து இறங்கினார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. வாசலைப் பார்த்துப் பெரிய குரலில் கூப்பிட்டார்:

"மச்சான்! லைட் வந்திட்டு. நிப்பாட்டிட்டன். ஒரு கை தாங்க!"

காக்கா செம்பைப் பக்கத்தில் நின்றவரின் கையில் திணித்துவிட்டு ஓடினார். இறங்கப் பார்த்த மாப்பிள்ளையை, "நீங்க இரிங்க தம்பி, நாங்க இரிக்கம்" என்று அமர்த்தினார். பொல்லடிக்காரரும் சேர்ந்து தள்ளினார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ள, பக்கத்தில் காக்கா. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

நான் எல்லாருக்கும் முன்னால் அழுதேன். "என்ன ராத்தா, கலியாணம் எனக்கா உங்களுக்கா?" என்று றாஹிலா கேட்டாள்.

21 ஜூன்

நோன்புக்கு முதல் முடித்துவிட வேண்டுமென்று எஞ்சினை வளவில் இறக்கி வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து ஒரே சத்தம்.

"அதில்ல மச்சான், மத்த ஸ்பானர்."

"எனக்குத் தெரியும் மச்சான், நீங்க கொஞ்சம் சும்மா இரிங்க."

இரண்டு தரம் போய் நின்று பார்த்தேன். என் வழியாகச் சொல்ல இருவரிடமும் ஒன்றும் இல்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து, கனநாளைக்குப் பிறகு பகலில் படுத்துத் தூங்கினேன்.