ஆபீசருக்குக் காய்ச்சிய கூழ்

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

போன வாரம் உன் மலைக்குப் போய்வந்தேன். நம் சண்டைக்குப் பிறகு எத்தனை முறை சாந்தியிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டுப் பார்த்தாய். ஒவ்வொரு முறையும் ஒரு வேலையைச் சொன்னேன். நீ போய்ச் சேர்ந்து, கூப்பிட ஆளில்லாத இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது. சிரிக்காதே.

சாந்திதான் கூட்டிப்போனாள். உன் சட்டைகளை மலையில் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குத் தங்கைதான், ஆனால் உன் மனைவியாகத்தான் காரில் உட்கார்ந்திருந்தாள். "மெதுவா போண்ணா, இந்த வளைவுல அவரு ரெண்டு வாட்டி ஆரன் அடிப்பாரு" என்று செங்கத்திலிருந்து மலையேறும் வரை என்னை நீயாக ஓட்டவைத்தாள்.

நாம் இருவரும் உன் பைக்கில் போன அந்த ஒரு நாள் நினைவிருக்கிறதா? என் மடியில் தெர்மோகோல் பெட்டி, அதில் ஐஸ், மாதிரி பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள். "மச்சான், கொழந்தைய புடிக்கிற மாதிரி புடிச்சிக்கோ, வுட்டா உன் தங்கச்சி என்னைத்தான் திட்டுவா" என்றாய். காவலூர் பக்கம் வானாய்வு மையத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தபோது வண்டியை நிறுத்தினாய். "அவங்க நட்சத்திரத்த பாக்குறாங்க, நாம படைய பாக்குறோம். ரெண்டும் வட்டமாத்தான் இருக்குது." தோல் டாக்டர் ஒருவன்தான் அப்படிப் பேசுவான். அன்று நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கே இப்போது பொறாமையாக இருக்கிறது.

அடிவாரத்து ஊர்களில் இந்தத் தோல் படை எப்படிப் பரவிக்கொண்டிருந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாய். மருந்துக்கடையில் ட்யூப் வாங்கித் தடவுவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நாலு நாள் அரிப்பு அடங்கும், பிறகு வீடு முழுக்கப் பரவும். பூஞ்சை மருந்துக்கும் அடங்காது. அந்த நேரத்தில்தான் மலையில் ஒரு சின்ன ஊரில் நீ ஒன்றைக் கவனித்தாய். இடுப்பிலும் முதுகிலும் படை இருந்த பெண்களுக்குக்கூடக் கை மட்டும் சுத்தமாக இருந்தது. தினமும் காலையில் புளித்த சாமைக்கூழைக் கையால் பிசைந்து கரைக்கிறார்கள், அந்தத் தண்ணீரிலேயே கையைக் கழுவுகிறார்கள். அவ்வளவுதான் உனக்குக் கிடைத்த துப்பு. அதை வைத்துக்கொண்டு உணவு நுண்ணுயிரியல் படித்த என்னிடம் ஓடிவந்தாய்.

அதுவரை சரி. அதற்குப் பிறகு நீ செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் ஆய்வகம் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே டாக்டர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று கூழ்தான் படைக்கு மருந்து என்று பேசிவிட்டாய். மறுநாளே எங்கள் துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாப்பா, கூழ் டாக்டரோட கம்பவுண்டர் நீதானா?" பதவி உயர்வுக்காகக் காத்திருந்த நேரம் அது. எனக்குப் பின்னால் சேர்ந்தவன்தான் மேலே போனான். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அந்தக் கோபத்தோடுதான் உன் மாதிரிகளைச் சோதித்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. புளிப்பே ஏறாத சப்பைக் கூழ். பூஞ்சை அதன் மேல் தாராளமாக வளர்ந்தது. 'மலையிலிருந்து கொண்டுவந்த மருத்துவரின் கவனக்குறைவால் வழியில் ஐஸ் உருகி மாதிரிகள் கெட்டன. இந்த ஆய்வைத் தொடர வேண்டியதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடிவாரத்து டீக்கடையில் நீ நிறுத்தியதையும் எழுதினேன். உன் ஆய்வு அதோடு நின்றது.

ஐஸ் உருகினால் கூழ் இன்னும் புளிக்கும் மச்சான். சப்பையாகாது. முதலாண்டு மாணவனுக்குத் தெரிகிற விஷயம் எனக்குத் தெரியாதா? எழுதும்போது ஏன் என் கை நிற்கவில்லை?

அறிக்கையைப் படித்துவிட்டு நீ போன் செய்தாய். கத்தப்போகிறாய் என்று பதிலோடு காத்திருந்தேன். "மச்சான், அந்த டீ நல்லாதான இருந்துச்சி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது. அந்த டீயை நானும்தான் குடித்தேன். பெட்டி என் மடியில்தான் இருந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். குப்பம்மாவின் வீட்டுக்குப் போனோம். கை சுத்தமாக இருந்த பெண்களில் முதலாவதாக அவளைத்தான் நீ எனக்குக் காட்டினாய். உன் சட்டையை வாங்கி மடியில் வைத்து மடிப்பைத் தடவிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இவரு யாரு, பொட்டி தூக்கினு வந்த ஆபீசருதான?" என்றாள்.

"எங்கண்ணன்" என்றாள் சாந்தி. "அவருக்கு மச்சான்."

"அட, டாக்டரு மச்சானா? அன்னிக்கே சொல்லக் கூடாதா? அப்போ நம்ம வூட்டு ஆளு." உள்ளே போய் ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்தாள். வாயில் வைத்ததும் பல் கூசியது. அப்படி ஒரு புளிப்பு.

"அன்னைக்கு நீங்க குடுத்தது இப்படி இல்லையே?" என்றேன்.

குப்பம்மா சிரித்தாள். "அன்னிக்கி நீங்க ஆபீசரு. பழைய கூழையா ஊத்துவாங்க? வேலூர்லேந்து பெரியவரு வர்றாரு, கூழ் கேப்பாருன்னு நர்சம்மா மொத நாளே சொல்லிட்டாங்க. ஊரே பானைய சாம்பல் போட்டு தேச்சி கழுவி, புதுசா காச்சி வெச்சோம். அதக்கூட நீங்க ஒரு வாய் குடிக்கல."

கேட்டாயா? அந்த ஊரில் கூழ்ப்பானையை ஒருபோதும் முழுக்கக் காலிசெய்ய மாட்டார்கள். அடியில் கொஞ்சம் விட்டு, அதன் மேலேயே அடுத்த கூழை ஊற்றுவார்கள். நாம் தேடிப்போன, கூழைப் புளிக்கவைக்கும் கிருமி அந்த அடியில்தான் இருந்தது. என் மேல் வைத்த மரியாதைக்காக அதைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். நீ பள்ளிக்கூட வராந்தாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீடு வீடாகப் போனவன் நான். கையுறை போட்டுக் குழாயில் பிடித்தேன். நீட்டிய சொம்பை வேண்டாம் என்றேன். நீ எப்போதும் அவர்களோடு உட்கார்ந்து பழைய கூழைக் குடித்தவன், அதனால் உனக்குத் தெரிந்தது. மாதிரியைக் கெடுத்தது ஐஸ் இல்லை, டீ இல்லை. நான் வந்ததுதான்.

திரும்பும் வழியிலும் வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கச் சொன்னாள் சாந்தி. கடைசி வளைவில், "அவரு மேல தப்பு இல்லன்னு அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றாள். நீ அடிக்கிற மாதிரியே இரண்டு முறை ஆரன் அடித்தேன்.

அந்தப் பானைக் கூழில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன். ஆய்வகத் தட்டில் படைப் பூஞ்சையைப் பரப்பி நடுவில் ஒரு சொட்டு வைத்தேன். இன்று காலை பார்த்தேன். சொட்டைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் பூஞ்சை நுழையவில்லை. வெறும் புளிப்பால் நின்றதா, கிருமி வேறு எதையாவது சுரக்கிறதா, இன்னும் தெரியாது. தட்டில் நின்றது தோலிலும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது மேடையில் சொல்லியிருப்பாய், நாம் மறுபடியும் சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டைக்காக மனம் ஏங்குகிறது. அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டாயே என்று அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை பழைய அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அந்தத் துறைத்தலைவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். மறுபடியும் சிரிப்பார், சிரிக்கட்டும். மருத்துவர் மேல் தவறில்லை, மாதிரி எடுத்தவன் நான், பெட்டியை வைத்திருந்தவனும் நான், டீ குடித்தவர்கள் இருவர் என்று ஒன்றுவிடாமல் எழுதுவேன். கொடுப்பதற்கு முன் சாந்தியிடம் வாசித்துக் காட்டுவேன். இனி இந்த ஆய்வு எங்கே போனாலும் உன் பெயர் முதலில் போகும். அடுத்த முறை மலைக்குப் போனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் சொம்பை வாங்கிக் குடிப்பேன்.

போனில் நீ கேட்டதற்கு அன்று பதில் சொல்லவில்லை. அந்த டீ நல்லாத்தான் இருந்தது மச்சான்.

உன் சாந்திக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
சேகர்