உன் கொம்பியூட்டரில் கை வைத்துவிட்டேன்

கற்பிட்டி,
2007 ஓகஸ்ட்.

மகன் சப்ரானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாய் மூடி இருந்தது போதும். நீ கட்டாரிலிருந்து கோல் எடுக்கும்போதெல்லாம் தொலைபேசியை உன் உம்மாவிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போகிறவன், இன்று நானாகவே பேனாவை எடுத்திருக்கிறேன். வல்ல நாயன் காவலில் நாங்கள் மூவரும் சுகம், உன் சுகத்தையும் அவனிடமே கேட்கிறோம். உன் தங்கை ஹிதாயாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும் என்பதால் மீன் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற சனத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இதெல்லாம் உம்மா சொல்லியிருப்பாள். நான் சொல்ல வந்தது வேறு. உன் பழைய கொம்பியூட்டர் வேலை செய்கிறது! ஓம், செத்துவிட்டது என்று நீ துணி போட்டு மூடிவிட்டுப் போன அதே பெட்டிதான்.

நீ பயணம் போன அன்று வாசலில் நின்று என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "வாப்பா, அதுல கை வெச்சிராதீங்க, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது." வாழ்நாளெல்லாம் கணிதம் படிப்பித்தவனைப் பார்த்து, அதுவும் உன் மாமா அத்தாஉல்லாவின் முன்னால். அவன் சிரித்தான். எனக்கு வர வேண்டிய பள்ளிக்கூட அதிபர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறவன் சிரிக்கத்தான் செய்வான். பள்ளிக்கூடத்துக்கு வந்த புதுக் கொம்பியூட்டர்களைப் பூட்டிவைத்துத் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறான். ஹிதாயா உயர்தர வகுப்புக்குக் கொம்பியூட்டர் பழக வேண்டும் என்று கேட்கப் போனேன், "புள்ளைகள் உடைச்சிப் போடும் மச்சான்" என்றான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன் பெட்டியின் துணியை இழுத்து எறிந்தேன்.

விண்டோஸ் பாதி வழியில் நீலமாகி நின்றுவிட்டது. மதுரங்குளியில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ரஸாக்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள் சேர், இலவசம், வைரஸ் தொல்லையும் இல்லை என்றான். ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்துக் கேட்டால் நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். முதலில் உபுண்டு. ஒரு சதமும் வாங்காமல் வெளிநாட்டிலிருந்து தபாலில் சீடீ அனுப்புகிறார்கள், நம்புவாயா? அழகாகத்தான் தொடங்கியது, ஆனால் உன் பெட்டியின் நூற்றிருபத்தெட்டு எம்பீ நினைவகம் அதற்குப் போதவில்லை, அம்புக்குறி ஓர் அங்குலம் நகர்வதற்குள் உன் உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள். இரண்டாவதன் பெயர் இங்கிலீஷில் ஒரு வசவோடு தொடங்குகிறது, வீட்டில் சொல்ல முடியாது. வேகமானதுதான், ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு. மூன்றாவது பப்பி. நாய்க்குட்டி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரஸாக் சீடீயின் மேல் ஒரு குட்டியின் படத்தைக் கீறியும் தந்தான். பாலாவி சோதனைச் சாவடியில் சிப்பாய் அதைத் தூக்கிப் பார்த்து, நாய்க் கார்ட்டூனா மாஸ்டர் என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். அந்த வெயிலில் நின்று லினக்ஸை விளங்கப்படுத்த என்னால் ஏலாது.

சப்ரான், அது எழும்பிய வேகத்தைப் பார்த்திருந்தால் நீயும் கை தட்டியிருப்பாய்! ஆனால் எழும்பியதும் அது குரைத்தது. உண்மையாகவே, ஸ்பீக்கர் வழியாக, வீடு அதிர. ஹிதாயா சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தாள். உம்மா தொழுகை முஸல்லாப் பாயைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, "தொழுற ஊட்டுக்குள்ள நாயக் கொண்டாந்து வெச்சிருக்கிறீங்களே" என்று நின்றாள். பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் தும்புத்தடியோடு ஓடிவந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினாள். பெட்டியைக் காட்டினேன். "இதுக்குள்ளயா? அப்ப இதுக்குத் தின்ன என்ன குடுக்கிற?" என்றாள். கரண்ட் என்றேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய பிறகுதான் உம்மா அறைக்குள் வந்தாள். பெயரை மாற்ற ஏலாதா என்று கேட்டாள். ஏலாது, ஆனால் இது வீட்டை அசுத்தமாக்காது, சோறும் கேட்காது என்றேன். அரை மனதோடு இருந்தாள். பிறகு இந்தப் பப்பி, விண்டோஸால் திறக்க முடியாமல் கிடந்த உன் வன்தட்டைத் திறந்தது. பெருநாளன்று நீ எடுத்த படங்கள் வரிசையாக வந்தன. உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள்தான், சோறு அடிப்பிடித்த மணம் வரும்வரை எழும்பவில்லை. அதிலிருந்த உன் மற்றக் கோப்புப் பெட்டகங்களை நான் திறக்கவில்லை. திறக்கத் தெரியாமல் இல்லை.

ஆக, நான் தெரிவு செய்துவிட்டேன், பப்பிதான். இப்போது சீடீயில்தான் ஓடுகிறது, ஹிதாயா செய்கிறதெல்லாம் நிறுத்தியதும் அழிந்துபோகிறது. வன்தட்டில் பழுது இருக்கிறது, முழுவதையும் துடைத்துவிட்டுப் போட்டால்தான் நிற்கும் என்கிறான் ரஸாக். பெட்டியை அவன் கடைக்குக் கொண்டுபோய்ப் படங்களைச் சீடீயில் ஏற்றிவிடலாம். ஆனால் உன் மற்ற வேலைகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியாது. ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் போய்விடும். நேற்று விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பெட்டி உன்னுடையது. உன்னைக் கேளாமல் துடைத்தால் நீ சொன்னது சரியாகிவிடும், எனக்கு விளங்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே கேட்கிறேன். உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன் என்று இருந்தவன் கேட்கிறேன். ஹிதாயாவுக்குக் கொம்பியூட்டர் சோதனை நெருங்குகிறது, சுணங்காதே. இது கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கோல் எடு. தொலைபேசியை நானே தூக்குவேன்.

வெயிலில் தலையை மூடிக்கொள், தொழுகையை விடாதே, சம்பளம் வந்ததும் கண்டவனுக்கெல்லாம் கடன் கொடுக்காதே. அல்லாஹ் உன் கைத்தொழிலில் பரக்கத் செய்யட்டும், உன்னை நல்லபடி எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். வன்தட்டு விஷயத்துக்குப் பதில் மறந்துவிடாதே.

இது கையெழுத்துப் போடும் இடம். அன்புள்ள வாப்பா என்று எழுதினால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகிவிடும், அதற்கு இன்னும் மனம் வரவில்லை. வெறும் பெயரை எழுதினால் மூன்றாம் மனிதன் எழுதியதாகிவிடும், அதற்கும் மனம் வரவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். தபாற்கந்தோர் பூட்டப்போகிறது. இடத்தை வெறுமையாகவே விட்டு உறையை ஒட்டுகிறேன்.